நல்ல பாம்போடு ஒரு சண்டை

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகி, டைஸ் (பகடை) உருட்டி ஆடும் கதை விளையாட்டு. அதை ஆடுகிற மேசைகளில் ஒரு பழக்கம் உண்டு. எதிரே எலும்புக்கூடு வந்தால் வாளை உருவுவார்கள். தங்க டிராகன் வந்தால் கும்பிடு போடுவார்கள். மான்ஸ்டர் மேனுவல் என்கிற பிராணிகள் புத்தகத்தில் பெயருக்குக் கீழே 'லாஃபுல் குட்' (சட்டத்துக்குக் கட்டுப்பட்ட நல்லது) என்று இருந்துவிட்டால் அது நம்ம ஆள். வழி சொல்லும், காயம் ஆற்றும், கடைசிச் சண்டையில் மேகத்தைக் கிழித்துக்கொண்டு வந்து காப்பாற்றும். அப்படியானால் அதே பக்கத்தில் அதற்கு இவ்வளவு ஹெச்பி (உயிர்ப் புள்ளி), இன்ன ஆர்மர் கிளாஸ் (தற்காப்பு எண்), கடித்தால் இத்தனை அடி என்றெல்லாம் எதற்கு அச்சடித்து வைத்திருக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

டிஎம்மாக, அதாவது கதையை நடத்தி எதிரிகளை ஆட்டுவிக்கிறவளாக, எனக்குப் பிடித்த வேலையே அந்தப் பக்கங்களை எடுத்துச் சண்டைக்கு விடுவதுதான். ஓர்க், கோப்ளின் மாதிரி கெட்ட பிராணிகளை யார் வேண்டுமானாலும் விடலாம். ஒரு நல்ல ஜீவனை, அதன் நல்ல குணத்தில் கை வைக்காமல், ஆட்டக்காரர்களுக்கு எதிரே நிறுத்தத்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

கை வைக்காமல் என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நிறைய டிஎம்கள் இங்கே குறுக்குவழியில் போய்விடுகிறார்கள். தேவதையை யாரோ மந்திரத்தால் ஆட்டுவிக்கிறார்கள். யூனிகார்ன் என்ற ஒற்றைக்கொம்புக் குதிரைக்குள் பேய் புகுந்திருக்கிறது. ஊரே கொண்டாடும் புனிதர் உள்ளுக்குள் அயோக்கியர். இதிலெல்லாம் கதை இருக்கலாம், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வேஷம் கலைந்த அந்த நிமிஷமே ஆட்டக்காரர்களுக்கு நிம்மதி வந்துவிடுகிறது. 'அப்பாடா, கெட்டவன்தான், போடு' என்று டைஸை எடுத்துவிடுவார்கள். நல்ல எதிரியை நிறுத்துவதாகச் சொல்லிவிட்டு, கடைசியில் இன்னொரு கெட்ட எதிரியைத்தான் நிறுத்தியிருப்போம். என் மேசையில் அந்த நிம்மதி கிடைக்காது.

இது ஏதோ நான் கண்டுபிடித்த புதுமை இல்லை. அலைன்மென்ட், அதாவது 'லாஃபுல் குட்' மாதிரியான முத்திரை, ஆரம்பத்தில் குணத்தைப் பற்றியதாகவே இல்லை. 1971இல் வந்த செயின்மெயில் என்ற போர் விளையாட்டிலும், அதிலிருந்து வளர்ந்து 1974இல் கைகாக்ஸும் ஆர்னெஸனும் வெளியிட்ட முதல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸிலும் சட்டம், நடுநிலை, குழப்பம் என்று மூன்று பிரிவுகள் மட்டும்தான். எந்தப் பிராணி எந்த அணியில் நிற்கும் என்பதற்கான பட்டியல் அது. நல்லது, கெட்டது என்ற கோடு அதற்குப் பிறகு குறுக்கே விழுந்தது; 1978இன் பிளேயர்ஸ் ஹேண்ட்புக் என்ற விதிப் புத்தகத்தில் இன்று எல்லோருக்கும் தெரிந்த ஒன்பது கட்டங்களாக நிலைத்தது. அணியும் குணமும் அங்கேதான் ஒட்டிக்கொண்டன. நல்லவர் என்றால் நம் அணி என்று அப்போதிருந்து பழகிவிட்டோம்.

என் மேசையைப் பற்றிக் கொஞ்சம். சனிக்கிழமை சாயங்காலம், பாளையங்கோட்டையில், எங்கள் வீட்டு மாடி. ஆட்டத்தில் ஃபைட்டர், அதாவது போர்வீரன், என் தம்பி. ரோக், அதாவது திருடி, அவன் மனைவி. நான்கு பேரில் அவளுக்குத்தான் மூளை அதிகம், அவனுக்கும் அது தெரியும். விஸர்ட், அதாவது மந்திரவாதி, ஒரு பல் டாக்டர். பாலடின், அதாவது தெய்வ சக்தி உள்ள வீரர், ஒரு பிஸிக்ஸ் வாத்தியார்; எதையும் நோட்டில் கணக்குப் போட்டுப் பார்க்காமல் வாயைத் திறக்கமாட்டார். நாங்கள் ஆடுவது 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், கீழே வரும் கதை நோய் பற்றியது. 2024 பதிப்பில் பாலடின் கை வைத்துக் குணப்படுத்தும் லே ஆன் ஹேண்ட்ஸ், லெஸ்ஸர் ரெஸ்டோரேஷன் என்ற மந்திரம் இரண்டிலிருந்தும் நோய் தீர்ப்பதை எடுத்துவிட்டார்கள். புதிய புத்தகத்தை வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட்டால் விடை வராது.

நான் சொல்லவரும் கேம்பைனில், அதாவது பல வாரம் ஓடும் தொடர்கதையில், அவர்கள் ஐந்தாம் லெவல். ஒரு மலையடிவாரக் கிராமம்; 60 குழந்தைகளுக்கு ஒரு காய்ச்சல்; வந்த ஏழாம் நாள் உயிர் போகும். மலைமேல் ஒரு பாழடைந்த கோயில், அதற்குள் ஒரு வெண்கலக் கிண்ணம். அந்தக் கிண்ணத்தில் மொண்ட தண்ணீரைக் குடித்தால் காய்ச்சல் இறங்கும் என்பது ஊர்ப் பெரியவர்களின் நம்பிக்கை. கிண்ணத்தைக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான் வேலை. கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு கௌவாட்டில் சுருண்டு கிடக்கிறது.

கௌவாட்டில் என்பது இறக்கை முளைத்த பெரிய பாம்பு. வானவில் நிறத்தில் இறகுகள். நடு அமெரிக்கப் பழங்கதைகளின் இறகுப் பாம்பிலிருந்து வந்தது. லாஃபுல் குட், செலஸ்டியல் என்ற தெய்வப் பிறவி வகை. சி.ஆர் (எதிரியின் பலத்தைக் காட்டும் எண்) 4தான், ஐந்தாம் லெவல் ஆட்கள் நான்கு பேருக்குக் கணக்குப்படி எளிய எதிரி. நான் அதன் தோற்றத்தை விவரித்து முடிப்பதற்குள் டாக்டர் கேட்டார்:

"அக்கா, அப்போ இதுதான் நிஜமான நல்ல பாம்பா?"

புதையலைக் காக்கும் பாம்பு நம் ஊரில் யாருக்கும் புதுசில்லை. தம்பி உடனே பாலும் முட்டையும் வைக்கலாமா என்று கேட்டான். வைக்கலாம், மரியாதையாக ஏற்றுக்கொள்ளும், கிண்ணத்தை மட்டும் கொடுக்காது என்றேன்.

இங்கேதான் புத்தகத்தை ஒழுங்காகப் படித்த டிஎம்முக்கு வேலை சுலபமாகிறது. கௌவாட்டில் பொய் சொல்லாது. ஆனால் தெரிந்ததை எல்லாம் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. மழுப்பலாம், மௌனமாக இருக்கலாம். நான் வைத்த காரணம் இது: கிண்ணம் ஒரு குழியின் வாயை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. குழிக்குள் ஒன்று தூங்குகிறது. அது என்னவென்று வாய்விட்டுச் சொன்னாலே அது புரண்டு படுக்கும். அதனால் பாம்பு சொன்னது இவ்வளவுதான்: "இதை எடுக்க விடமாட்டேன். ஏன் என்று சொல்லவும் மாட்டேன். குழந்தைகளை இங்கே தூக்கி வாருங்கள். ஒரு நாளைக்கு மூன்று பேரை என்னால் குணப்படுத்த முடியும்."

மூன்று என்பது நான் இட்டுக்கட்டியது அல்ல. லெஸ்ஸர் ரெஸ்டோரேஷனை கௌவாட்டில் ஒரு நாளைக்கு மூன்று முறைதான் போடலாம். வாத்தியார் நோட்டைத் திறந்தார். ஏழு நாள், மூன்று பேர், 21. மிச்சம் 39 குழந்தைகள்.

"39 பேர் சாகட்டும்னு சொல்லுதா?"

"அப்படிச் சொல்லவில்லை. தன்னால் முடிந்ததைச் சொல்கிறது."

வாத்தியார் பாலடினின் டிவைன் சென்ஸைப் போட்டுப் பார்த்தார். எதிரே இருப்பது செலஸ்டியல் என்று தெரிந்தது. அந்த வசதியும் சரி, டிடெக்ட் ஈவில் அண்ட் குட் மந்திரமும் சரி, 2014 பதிப்பில் எதிராளியின் மனசு எப்படி என்று சொல்வதில்லை. என்ன வகைப் பிறவி என்று மட்டும் சொல்லும். பழைய ஆட்டக்காரர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு இது வசதி. 'நல்லது' என்று மந்திரம் சான்றிதழ் கொடுத்துவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே ரோக் சுவரோரமாக நகர்ந்து கிண்ணத்தை அமுக்கிவிடுவதாகத் திட்டம். வாயால் சொல்லாமல் ஒரு சீட்டில் எழுதி என்னிடம் நீட்டினாள். கௌவாட்டிலுக்கு, மனசைப் படிக்கும் டிடெக்ட் தாட்ஸ் மந்திரத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் போடும் வசதி உண்டு. பாம்பு அவள் பக்கம் தலையைத் திருப்பி மனசுக்குள்ளேயே பேசியது: "இடது பக்கமாக வரப் பார்க்கிறாய். அந்தக் கல் வழுக்கும். விழுந்துவிடாதே."

இந்த மாதிரி ஒரு வரிக்காகத்தான் நான் நல்ல எதிரிகளை விரும்புகிறேன். ஒரு கெட்ட டிராகன் இதே இடத்தில் கெக்கலி கொட்டிச் சிரித்திருக்கும். ஆட்டக்காரர்களுக்கு அது பழகிப்போன ஒன்று, வீம்பு ஏறும். கல் வழுக்கும் என்று எதிரி எச்சரித்தால் என்ன செய்வதென்று தெரியாது. தம்பி மனைவி, "மதினி, இது என்ன நியாயம்" என்றாள்.

கடைசியில் சண்டை மூண்டது. ஆரம்பித்தவன் தம்பி, எப்போதும் அவன்தான். கோடரியோடு பாய்ந்தான். பாம்பு கடித்தது. கௌவாட்டிலின் விஷம் ஆளைக் கொல்லாது. கான்ஸ்டிட்யூஷன் சேவில், அதாவது உடம்பின் வலுவால் தப்பிக்கப் போடும் டைஸில், 13 எடுக்கவில்லை என்றால் 24 மணி நேரம் தூக்கம். பக்கத்தில் இருக்கும் ஒருவர் தன் ஆக்ஷனைச் செலவழித்து உலுக்கினால் எழுந்துவிடலாம். அவன் 9 போட்டான், குறட்டை விட்டான். வாத்தியார் தன் முறையை அவனை உலுக்குவதிலேயே செலவழித்தார். அடுத்த சுற்றில் பாம்பு ரோக்கைச் சுற்றி வளைத்துக்கொண்டது. சுற்றிக்கொண்டால் அசைய முடியாது; அசைய முடியாதவர்களுக்கு டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) சேவில் இரண்டு டைஸ் போட்டு மோசமானதை எடுக்க வேண்டும்.

டாக்டருக்கு இந்த விதி நினைவில் இல்லை. பக்கத்தில் இருப்பவர்களையும் சேர்த்து எரிக்கும் ஃபயர்பால் போட்டார்.

எட்டு ஆறுமுக டைஸ். பாம்புக்கு நல்ல அடிதான். ஆனால் அதற்கு 97 ஹெச்பி, தாங்கியது. ரோக் தாங்கவில்லை, பூஜ்யத்துக்குப் போய்விட்டாள். அடுத்த முறை பாம்பினுடையது. கடிக்கலாம், எதிரே டாக்டர் தனியாக நிற்கிறார். நான் கடிக்கவில்லை. பாம்பு பிடியைத் தளர்த்தியது, கிடந்தவள்மேல் தலையை வைத்தது, காயம் ஆற்றும் க்யூர் வூண்ட்ஸ் போட்டது. ஒரு எட்டுமுக டைஸை உருட்டி, நாலைக் கூட்டி, "ஒன்பது ஹெச்பி, எழுந்துக்கோ" என்றேன்.

டாக்டர் கொதித்துவிட்டார். "அக்கா, நாங்க சண்டை போட்டுக்கிட்டிருக்கோம். எங்க ஆளை அது ஏன் எழுப்புது?"

"நீங்க விழ வெச்சீங்க. அதான்."

தம்பி மனைவி எழுந்த இடத்திலிருந்து பாம்பை முதுகில் குத்தலாம், ஸ்னீக் அட்டாக்குக்கு எல்லாம் தோதாக இருந்தது. "மதினி, நான் கத்தியைக் கீழே வெச்சுட்டேன்" என்றாள். அவளுக்குப் பிறகு இனிஷியேட்டிவ் வரிசையில் வாத்தியார். அவர் அடிக்கப்போவதாகத்தான் எல்லோரும் நினைத்தோம். அவர் தன் கேரக்டர் ஷீட்டைக் கண்ணருகே தூக்கி வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். லே ஆன் ஹேண்ட்ஸ்: லெவலுக்கு ஐந்து வீதம் 25 புள்ளிகள், ஐந்து புள்ளிக்கு ஒரு நோய் தீரும். ஆக ஒரு நாளைக்கு ஐந்து பேர். ஐந்தாம் லெவலில் இரண்டாம் நிலை மந்திரம் இரண்டு, அதில் லெஸ்ஸர் ரெஸ்டோரேஷன் போட்டால் இன்னும் இரண்டு பேர். தனியாக ஏழு நாளில் 49. போதாது. பாம்பு தனியாக 21, அதுவும் போதாது.

"சேர்ந்தா நாளைக்குப் பத்து," என்றார். "ஆறே நாள்."

60 என்ற எண்ணை நான் சும்மா வைக்கவில்லை.

அந்த ஆறு நாளும் பாலடினிடம் ஒரு சொட்டு சக்தி மிச்சமில்லை. மலைமேல் குழந்தைகளைத் தூக்கிவர ஆள் சேர்ப்பதும், பாம்பைப் பார்த்து அலறும் தாய்மார்களைச் சமாதானப்படுத்துவதும், அவர்கள் துரத்திக்கொண்டிருந்த கடத்தல்காரன் அதற்குள் ஆற்றைக் கடந்து போய்விட்டதும் தனிக்கதை. பாம்பு கடைசி நாளில் ஒன்றைச் சொன்னது. கௌவாட்டிலுக்குத் தன் சாவு நூறு வருஷம் முன்னாலேயே தெரிந்துவிடும். இதற்கு இன்னும் 30 வருஷம்தான் இருக்கிறது, கிண்ணத்துக்குக் காவலாக அடுத்து யாரும் வரவில்லை. சார்ஜை ஒப்படைக்க ஆளில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. அடுத்த கேம்பைன் அங்கிருந்துதான் தொடங்கியது.

இந்தச் சண்டையில் யார் செய்தது தப்பு? ஒருவரும் இல்லை. அதைத்தான் நான் தேடுகிறேன். எதிரி நல்லவனாக இருந்தும் வழிமறிக்க வேண்டுமானால், அவனிடம் ஒரு கடமை இருக்க வேண்டும்; ஆட்டக்காரர்களிடம் ஒரு அவசரம் இருக்க வேண்டும்; இரண்டுக்கும் போதுமான அளவு ஏதோ ஒன்று இல்லாமல் இருக்க வேண்டும். நேரம், மருந்து, தண்ணீர், ஒரு பாலத்தில் இடம், எதுவாகவும் இருக்கலாம்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது எந்த விதிப் புத்தகமும் இல்லை. நான் ஒரு சார்நிலைக் கருவூலத்தில் வேலை பார்க்கிறவள். குடும்ப ஓய்வூதிய பில்லில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்தால் ஆட்சேபணை எழுதித் திருப்பி அனுப்புவேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு அந்தப் பணம் இன்றைக்கே வேண்டும், அவர் கேட்பது நியாயம். கையெழுத்து இல்லாமல் நான் பாஸ் பண்ணக்கூடாது, நான் செய்வதும் நியாயம். அவர் கண்ணுக்கு நான் எப்படித் தெரிவேன் என்று எனக்கு நன்றாகவே தெரியும். என் மேசையில் எனக்குப் பட்டப்பெயர் டிராகன்.

டிராகன் என்றதும், இன்னொரு ஆட்டத்தில் நான் விட்ட ஒரு வெண்கல டிராகனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். புத்தகத்தின்படி வெண்கல டிராகனுக்குக் கொடுங்கோன்மை பிடிக்காது. பக்கத்தில் சண்டை வந்தால் காரணத்தை விசாரித்து, நியாயம் இருக்கும் பக்கம் போய் உதவிக்கு நிற்கும். ஒரு பக்கம் நின்றுவிட்டால் சுலபத்தில் மாறாது. நான் அதை ஒரு துறைமுக நகரத்தின் பக்கம் நிறுத்தினேன். தீவுக்காரர்கள் தானியக் கப்பல்களை எரித்துக்கொண்டிருந்தார்கள், மாலுமிகள் செத்துக்கொண்டிருந்தார்கள்; டிராகன் பார்த்தது அதை. தீவுக்காரர்களின் மீன்பிடிப்பை நகரசபை முடக்கி அவர்களைப் பட்டினி போட்டிருந்தது; என் ஆட்டக்காரர்கள் பார்த்தது இதை, அதனால் தீவுக்காரர்கள் பக்கம் நின்று ஒரு கப்பலை எரிக்கப் போனார்கள். இரண்டு தரப்பும் பாதி பாதி பார்த்திருக்கிறது.

தம்பி இதைக் கேட்டதும், "புரிஞ்சிருச்சு, இது கும்பகர்ணன்" என்றான். செஞ்சோற்றுக் கடன். நம் ஆட்கள் எல்லோரும் போய் நிற்கும் இடம் அது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அண்ணன் செய்தது தப்பு என்று கும்பகர்ணனுக்குத் தெரியும். அவனே எடுத்துச் சொல்லியும் பார்க்கிறான். தெரிந்தேதான் போருக்குப் போகிறான். அது பெரிய சோகம், ஆனால் அங்கே எந்தப் பக்கம் சரி என்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை. என் டிராகனுக்குத் தன் பக்கம் சரி என்று நம்பக் காரணம் இருந்தது. அந்தக் காரணம் பாதி உண்மையாகவும் இருந்தது. ஆட்டக்காரர்கள் பட்டினிக் கதையைச் சொன்னபோது அது முழுசாகக் கேட்டது, நகரசபையை விசாரிப்பதாக வாக்குக் கொடுத்தது, கொடுத்தபடி மறுநாள் போய் விசாரிக்கவும் செய்தது. ஆனால் இன்று ராத்திரி இந்தக் கப்பலை எரிக்க விடமாட்டேன் என்றது.

சண்டை கப்பலின் மேல்தளத்தில். ஐந்து உலோக டிராகன்களையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். சிவப்பு, நீலம் மாதிரி கெட்ட டிராகன்களுக்கு மூச்சு ஒன்றுதான், அது கொல்லும். நல்ல டிராகன் ஒவ்வொன்றுக்கும் மூச்சு இரண்டு. ஒன்று கொல்லும், இன்னொன்று கொல்லாது. பித்தளை டிராகன் தூங்க வைக்கும், வெள்ளி உறைந்து நிற்க வைக்கும், செம்பு வேகத்தைக் குறைக்கும், தங்கம் உடம்பைத் தளர வைக்கும், வெண்கலம் தள்ளிவிடும். வயசுக்கு வந்த வெண்கல டிராகன் என்றால் 60 அடி தள்ளும். கப்பல் தளத்தில் நிற்கிறவனை 60 அடி தள்ளினால் எங்கே போவான்? நான்கு பேரும் கடலில். இரும்புக் கவசத்தோடு வாத்தியார் நேரே அடிக்குப் போய்க்கொண்டிருந்தார். டிராகன் முங்கி அவரைக் கவ்விக்கொண்டு வந்து கரையில் போட்டது. திரும்பவும் கப்பலுக்கு நீந்தினார்கள். திரும்பவும் கடல். மூன்றாவது தடவை டாக்டர், "நாம கப்பலை ஏன் எரிக்கணும், தானியத்தை இறக்கிட்டு எரிக்கலாமே" என்றார். தானியம் தீவுக்கு, காலிக் கப்பல் தீக்கு. டிராகன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மாலுமிகளைப் படகில் இறக்கிய பிறகு என்றால் சரி என்றது. நானும் அந்த இடத்தில் யோசிக்கத்தான் செய்தேன், என் குறிப்பில் அப்படி ஒன்று இல்லை.

நல்ல எதிரியை ஆட்டுவிக்கும்போது நான் விடாமல் பிடித்துக்கொள்வது சில உண்டு. அடிப்பதற்கு முன் எச்சரிக்கும். சரணடைந்தவனை விட்டுவிடும். சொன்ன சொல் மாறாது. இதை ஆட்டக்காரர்கள் நாலு தரம் சோதித்துப் பார்ப்பார்கள், விட்டுக்கொடுக்கக் கூடாது. கிட்ட நின்று அடிக்கும் சண்டையில் ஒருவரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால் கொல்லாமல் மயக்கிப் போடலாம் என்று ஐந்தாம் பதிப்பில் விதியே இருக்கிறது. ஆட்டக்காரர்களுக்கு மட்டும் என்று எங்கும் எழுதவில்லை. 1974 புத்தகத்திலேயே டிராகனைக் கொல்லாமல் அடக்கிப் பிடிக்க விதி இருந்தது, பிடித்ததைச் சந்தையில் விற்கவும் விலை போட்டிருந்தார்கள். அதற்கு நல்ல குணத்தோடு சம்பந்தமில்லை என்பது வேறு விஷயம்.

ஆனால் நல்லது என்றால் சாது என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. சோலார் என்கிற பெரிய தேவதையின் வில்லைப் பாருங்கள். 100 ஹெச்பியோ அதற்குக் கீழேயோ இருக்கும் ஆள்மேல் அம்பு பட்டு, சேவும் தவறினால், அங்கேயே சாவு. நல்ல எதிரி கடைசி வரை விட்டுக்கொடுத்துக்கொண்டே போனால் ஆட்டக்காரர்கள் அதன் தலையில் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். எங்கேயாவது ஒரு கோடு இருக்க வேண்டும். கௌவாட்டிலிடம் கிண்ணத்தில் யாராவது கை வைத்திருந்தால் அன்றைக்கு அது விஷத்தோடு நின்றிருக்காது.

அதையும் மீறிக் கொன்றுவிட்டால்? கொல்லட்டும். அதற்காகப் பாலடினிடமிருந்து சக்தியைப் பிடுங்கிக்கொள்ளும் பழைய வழக்கம் எனக்குப் பிடிக்காது. டிஎம் தான் நினைத்த விடை வராததற்குப் பிரம்பை எடுப்பது மாதிரிதான் அது. தண்டனை வேண்டாம், விளைவு போதும். அந்த ஜீவன் எதைப் பிடித்துக்கொண்டிருந்ததோ அது அவிழும், அவ்வளவே. யூனிகார்ன் செத்த காட்டில் விறகு தாராளமாகக் கிடைக்கும். அது தடுத்து வைத்திருந்தவையும் கூடவே வரும்.

தேவதைகள் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. நல்ல கடவுள் அனுப்பிய தேவதை எதிர்த்து நிற்கிறது என்றால் கடவுளே நம்மைத் தப்பு என்கிறாரா என்று பாலடின் கேட்பார், கேட்டேவிட்டார். இரண்டு நல்ல கடவுள்களை வைத்தால் பாதி தீர்ந்தது. மீதிப் பாதிக்கு நான் செய்வது, ஆணை பழையதாக இருக்கும். எந்தக் காலத்திலோ கொடுத்தது, திரும்பப் பெறவில்லை, தேவதை இன்னும் அதை நிறைவேற்றிக்கொண்டிருக்கிறது. சின்ன தேவதையான டேவாவை வைத்து இதை ஆடியிருக்கிறேன். அதற்கு நாளைக்கு ஒரு ரெய்ஸ் டெட், அதாவது செத்தவரை எழுப்பும் மந்திரம், உண்டு. சண்டையில் தம்பியைக் கொன்றது, பேச்சு முடிந்ததும் எழுப்பி உட்கார வைத்து, மேலும் போகாதே என்று சொல்லி அனுப்பியது. அதற்குப் பிறகு அவன் அந்த வாசல் பக்கம் போக யோசித்தான். அவனைப் பொறுத்தவரை அது பெரிய விஷயம்.

எல்லா மேசைக்கும் இது ஒத்துவராது என்பதையும் சொல்ல வேண்டும். வாரம் முழுக்க ஆபீஸில் இழுபட்டுவிட்டு, யோசனை இல்லாமல் பத்து கோப்ளினை நசுக்கிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்று வருகிறவர்களை உட்கார வைத்து நியாயம் பேச வைத்தால் மறுவாரம் வரமாட்டார்கள். எங்கள் மேசையிலும் இரண்டு நல்ல எதிரிகளை அடுத்தடுத்து விடமாட்டேன். நடுவில் ஏதாவது ஒரு குகை, உள்ளே பசியோடு ஏதாவது ஒன்று, அப்புறம்தான் அடுத்தது. ஸ்கோர் போடுவதையும் மாற்றியாக வேண்டும். கொன்றால்தான் எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) என்று வைத்துக்கொண்டு கொல்லாமல் விடச் சொன்னால் யார் கேட்பார்கள்? நாங்கள் கதை ஒரு கட்டத்தைத் தாண்டினால் லெவல் ஏற்றிக்கொள்கிறோம்.

முதல் தடவை முயல்கிறவர்களுக்கு நான் சொல்வது, தேவதையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். இளம் பித்தளை டிராகன் போதும், சி.ஆர் 6. பாலைவனத்தில் இருக்கும், பேச்சென்றால் உயிர், பேச ஆள் கிடைத்தால் லேசில் விடாது. ஆட்டக்காரர்கள் ஒரு இடத்துக்கு அவசரமாகப் போக வேண்டும், வழியில் இது பிடித்து வைத்துக்கொள்கிறது. அவர்கள் பாதிப் பேச்சில் எழுந்து ஓடினால் தூக்க மூச்சு, ஐந்து நிமிஷம். யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் நல்ல குணமுள்ள ஒன்று வழியை மறித்து நின்றால் எப்படி இருக்கும் என்று மேசைக்குப் புரிந்துவிடும்.

எங்கள் மேசைக்கு அடுத்து வரப்போவது பிளானெடார் என்ற தேவதை. சி.ஆர் 16, அதன் காதில் விழும் பொய் எதுவும் பொய் என்று அதற்குத் தெரிந்துவிடும். எங்கள் ரோக் இதுவரை கடந்து வந்த கோட்டைக் கதவுகளில் பாதி பொய்யால் திறந்தவை. தம்பி மனைவி இதைப் படிப்பாள் என்பதால் எந்தக் கதவில் அது நிற்கப்போகிறது என்று இங்கே எழுதமாட்டேன்.